காய்ச்சல், சளி, இருமல், வயிற்றுப்போக்கு: கிளினிக்கில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நான் குடும்ப மருத்துவர். கிளினிக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தலைப்பில் உள்ள நான்கில் ஒன்றுக்காகத்தான் வருகிறார்கள். கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கூட்டமான நேரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறேனே என்ற உறுத்தல் எனக்கு நீண்ட நாளாக உண்டு. அதனால் உட்கார்ந்து எழுதினேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே வைத்திருக்கிறேன். நேரில் பார்த்துச் சொல்லும் வைத்தியத்துக்கு இது பதிலாகாது. எதற்காக ஒன்றைக் கொடுக்கிறோம், எதற்காக இன்னொன்றைக் கொடுக்காமல் விடுகிறோம் என்பது புரிந்தால் போதும்.

உடம்பு நெருப்பா சுடுது டாக்டர். ஆனா தெர்மாமீட்டர்ல 99தான் காட்டுது. காய்ச்சலா, இல்லையா?

100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், அதற்கு மேல் போனால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்கிறோம். அக்குளில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் குறைவாகவே காட்டும். கையால் தொட்டுப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாள் எனக்குப் பல டெஸ்டுகளைவிட உதவும்.

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 வந்துவிட்டால் மட்டும் தாள், கணக்கு எதுவும் வேண்டாம். இரவு எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வயதில் காய்ச்சல் ஒன்றைத் தவிர வேறு அறிகுறியே இல்லாமல் ரத்தத்தில் கிருமி பரவியிருக்கலாம்.

பாரசிட்டமால் சிரப் அஞ்சு மில்லி குடுக்கலாம்தானே? போன தடவையும் அதுதான் குடுத்தோம்.

எத்தனை மில்லி என்பதற்கு முன்னால், பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். குழந்தையின் எடைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் ஒரு வேளை அளவு. 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். கடையில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, 5 மில்லியில் 250 உள்ளதும் இருக்கிறது. முதலாவது என்றால் 5 மில்லி சரி. இரண்டாவது என்றால் 2.5 மில்லி போதும், 5 மில்லி கொடுத்தால் இரட்டிப்பாகிவிடும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதை சிரப் அளவில் ஊற்றிக் கொடுத்தால் ஆபத்து. குழந்தை வளர வளர எடையும் மாறும் என்பதால் போன வருஷத்து அளவு இந்த வருஷத்துக்குப் பொருந்தாது.

இரண்டு வேளைக்கு நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். காய்ச்சல் 101 இருந்தும் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் மருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. பாரசிட்டமால் உடம்பு வலியையும் அசதியையும் குறைக்கத்தான், நோயைக் குணமாக்க அல்ல.

ஒரு ஊசி போட்டா சீக்கிரம் சரியாயிடும்ல? மாத்திரையெல்லாம் லேட்டாகும்.

வாந்தி இல்லாமல், விழுங்க முடிகிற ஒருவருக்கு பாரசிட்டமால் மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும். அதையே ஊசியாகப் போட்டால் நோய் ஒரு நாள்கூடக் குறையாது. இடுப்பில் தவறான இடத்தில் போட்டு, கால் நரம்பு பாதிக்கப்பட்டுப் பாதம் தொங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிலும் குழந்தைகளைப் பார்க்கும்போது மனசு தாங்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் பறந்து, பசியும் வந்து, ஆள் தெளிந்துவிட்டால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும், கிருமி உள்ளே இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரையும் ஏறிவிடும். ஊசி போட வந்தால், "இது என்ன மருந்து, எழுதிக் கொடுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை.

ரொம்ப டயர்டா இருக்கு, ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏத்தினா தெம்பு வரும்.

அரை லிட்டர் சலைன் பாட்டிலில் இருப்பது தண்ணீரும் 4.5 கிராம் உப்பும். 5 சதவீத குளுக்கோஸ் பாட்டில் என்றால் 25 கிராம் குளுக்கோஸ், அதாவது ஐந்தாறு டீஸ்பூன் சர்க்கரை. கிட்டத்தட்ட 100 கலோரி. இரண்டு இட்லி சாப்பிட்டால் அந்தக் கலோரி வந்துவிடும். படுத்து ஒரு மணி நேரம் ஓய்வெடுத்ததும், ஒருவர் அக்கறையாகக் கவனித்துக்கொண்டதும் தெம்பு தந்திருக்கும். அது உண்மையான தெம்புதான், ஆனால் அதற்கு நரம்பில் ஊசி வேண்டியதில்லை.

தொடர் வாந்தி, கடுமையான நீரிழப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது, மயக்கம் என்று வந்தால் டிரிப்ஸ் உயிரைக் காக்கும். அப்போது நானே கட்டாயப்படுத்துவேன்.

சளி மஞ்சளா, பச்சையா வருது. இன்ஃபெக்ஷன் ஆயிடுச்சு, ஆன்டிபயாடிக் வேணும்ல?

நிறத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கிருமியை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு பொருளுக்கே பச்சை நிறம் உண்டு. அந்த அணுக்கள் உடைந்து சளியில் கலக்கும்போது நிறம் மாறுகிறது. வைரஸ் சளியிலும் மூன்றாம் நாள், நான்காம் நாள் இப்படி ஆவது சாதாரணம். சளிக்குக் காரணமான வைரஸ்கள் 200-க்கு மேல் இருக்கின்றன, பாக்டீரியாவை மட்டுமே கொல்லும் ஆன்டிபயாடிக் அவற்றில் ஒன்றைக்கூடத் தொடாது.

நுரையீரலில் நிமோனியா இருக்கிறதா என்பதைத்தான் நான் தேடுகிறேன். மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் சத்தம், காய்ச்சல் விட்டு மறுபடி ஏறியதா என்பதையெல்லாம் பார்க்கிறேன். குழந்தையின் மூச்சை நீங்கள் வீட்டிலேயே எண்ணலாம். அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் வயிறு எழுந்து இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலா எலும்புக்குக் கீழே மார்பு உள்ளே குழிந்தாலோ, உடனே வாருங்கள். ஸ்டெதாஸ்கோப்போ எக்ஸ்ரேயோ இல்லாமல் சுகாதாரப் பணியாளர்கள் நிமோனியாவைக் கண்டுகொள்ள உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை இது. நான் கற்றவற்றில் இதைப்போலப் பயன்பட்டது குறைவு.

பத்து நாளாச்சு, இருமல் நிக்கவே இல்ல. உங்க மருந்து கேக்கல.

மூச்சுக்குழாய் அழற்சியில் வரும் இருமல் எத்தனை நாள் இருக்கும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி 18 நாள் வந்தது. மக்கள் எதிர்பார்ப்பது ஒரு வாரம். இந்த இடைவெளியில்தான் டாக்டர் மாறுகிறார், ஆன்டிபயாடிக் மாறுகிறது. மூன்றாவது டாக்டர் கொடுத்த மருந்தில் சரியாகும்போது அது எப்படியும் அடங்கும் நாளாக இருக்கும், பெயர் அந்த மருந்துக்குப் போகும். இப்படிப்பட்ட இருமலில் ஆன்டிபயாடிக் கொடுத்தவர்களுக்குச் சராசரியாக அரை நாள்தான் முன்னதாகக் குறைந்தது. அந்த அரை நாளுக்கு வயிற்றுப்போக்கையும் அரிப்பையும் விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் நம் நாட்டில் இருமலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, இருந்தால் சீக்கிரம் தெரிய வேண்டும். எடை குறைவு, மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, சளியில் ரத்தம் இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கடையில் கேட்டு லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை விழுங்கிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலை வருகிறது. அது காசநோய்க் கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கி வைத்து, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டுவிடும்.

குழந்தை ராத்திரி முழுக்க இருமுறா. ஒரு நல்ல இருமல் சிரப் எழுதிக் குடுங்க.

சின்னக் குழந்தைகளுக்கு நான் எழுதுவதில்லை. சளி, இருமல் சிரப்புகள் குழந்தைகளுக்குப் பலன் தருவதாக உறுதியான ஆதாரம் இல்லை. தூக்கக் கலக்கம், படபடப்பு போன்ற பக்கவிளைவுகள் இருக்கின்றன. சளி சிரப்புகளில் வரும் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை போடச் சொன்னது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 48 சதவீதத்துக்கு மேல் இருந்தது. அதன்பின், இரண்டு வயதுக்குக் கீழ் இத்தகைய மருந்துகளை எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைக்கக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அறிவித்தது. அந்தப் பெற்றோர்கள் குழந்தைக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஊற்றிக் கொடுத்தார்கள். என்னால் அதை மறக்க முடியவில்லை.

ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரை அல்லது ஒரு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், இரவு இருமல் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வயதுக்குக் கீழ் தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவும் வழக்கமும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிஞ்சுக் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலும், மூக்கடைத்தால் சலைன் சொட்டும் போதும். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து ஆவி பிடிக்க வைக்காதீர்கள். அது கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகள் நிறைய.

தொண்டை வலின்னு என் தம்பிக்கு ஆன்டிபயாடிக் குடுத்தீங்க. எனக்கு மட்டும் உப்புத் தண்ணி கொப்பளிக்கச் சொல்றீங்களே?

தொண்டை வலியில் நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன். காய்ச்சல் இருக்கிறதா, டான்சிலில் வெள்ளைப் படலம் இருக்கிறதா, கழுத்தின் முன்பக்க நெறிகட்டி தொட்டால் வலிக்கிறதா, இருமல் இல்லாமல் இருக்கிறதா. 1981-இல் சென்டார் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த கணக்கு இது. நான்கும் இருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்க நல்ல வாய்ப்பு. உங்கள் தம்பிக்கு நான்கும் இருந்தது. உங்களுக்கு இருமலும் மூக்கொழுகலும் இருக்கின்றன, அது வைரஸின் அடையாளம். தொண்டை வலியுடன் வரும் பெரியவர்களில் 100 பேருக்கு 5 முதல் 15 பேருக்குத்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்கும், குழந்தைகளில் 20 முதல் 30.

தம்பிக்கு ஏன் பத்து நாள் மருந்து என்றால், இந்தக் கிருமியைச் சரியாக ஒழிக்காவிட்டால் சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளைக் கெடுத்துவிடும். பணக்கார நாடுகளில் அது அரிதாகிவிட்டது, நம்மிடம் இன்னும் இருக்கிறது. அதனால் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் நான் கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையாகவே இருப்பேன்.

வயித்தால போகுது, நிக்கிறதுக்கு ஒரு மாத்திரை குடுங்க போதும்.

போவதை நிறுத்துவதைவிட, போன தண்ணீரையும் உப்பையும் திரும்ப உள்ளே கொடுப்பதுதான் சிகிச்சை. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்துபோனது. திலீப் மஹாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பைத் தண்ணீரில் கலந்து பெரிய டிரம்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே பிடித்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. நீங்கள் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்த வழியில் வந்ததுதான். குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால் அளவு பிசகக் கூடாது.

ஒரு லிட்டர் பாக்கெட்டா, 200 மில்லி பாக்கெட்டா என்று பார்த்துக் கரையுங்கள். கொஞ்சம் தூளை மட்டும் எடுத்து டம்ளரில் போடாதீர்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பாக்கெட் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அதன் மேல் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அதிகச் சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கூட்டவே செய்யும். கஞ்சி, மோர், தாய்ப்பால் எதையும் நிறுத்த வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு தினம் 20 மில்லிகிராம் துத்தநாக மருந்து 14 நாள் கொடுத்தால் இந்தத் தடவை சீக்கிரம் நிற்பதோடு, அடுத்த சில மாதங்களில் மறுபடி வருவதும் குறையும்.

குடலைக் கட்டிப்போடும் லோப்பரமைடு குழந்தைகளுக்குக் கூடாது. ரத்தம் கலந்து போனால் பெரியவர்களுக்கும் கூடாது. அப்படி ரத்தம் போகும்போதுதான் ஆன்டிபயாடிக் பற்றி யோசிப்பேன். கண் குழிவிழுந்து, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், குழந்தை துவண்டு கிடந்தால் மேலே டிரிப்ஸ் பற்றிச் சொன்ன நிலை வந்துவிட்டது என்று பொருள்.

ரெண்டாவது நாள் காய்ச்சல். லேப்ல நாங்களே டெஸ்ட் எடுத்துட்டோம், டைபாய்டு பாசிட்டிவ்னு வந்திருக்கு. நீங்க இல்லைங்கிறீங்க?

நீங்கள் கொண்டுவந்தது விடால் டெஸ்ட். 1896-இல் வந்தது. கிருமியை அது தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. முன்பு எப்போதோ வந்த டைபாய்டு, போட்டுக்கொண்ட தடுப்பூசி, வேறு சில காய்ச்சல்கள் எல்லாமே அதைப் பாசிட்டிவ் ஆக்கலாம். புதிதாக வந்த டைபாய்டில் இரண்டாம் நாளில் அந்தப் பொருள் உண்டாகியிருக்கவே நேரம் போதாது.

ஒரு கணக்கு சொல்கிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான். காய்ச்சலோடு 1000 பேர் வருகிறார்கள், அவர்களில் 50 பேருக்கு உண்மையில் டைபாய்டு. டெஸ்ட் நூற்றுக்கு 70 பேரைச் சரியாகப் பிடிக்கும் என்றால் 35 பேர் பாசிட்டிவ். மீதி 950 பேரில் நூற்றுக்கு 20 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் என்றால் 190 பேர். மொத்தம் 225 பாசிட்டிவ் தாள்கள், அவற்றில் நிஜம் 35. ஆறு தாளில் ஒன்றுதான் உண்மை. டெஸ்டின் தரம் மாறவில்லை. யாருக்கு, எந்த நாளில் எடுத்தோம் என்பதுதான் அதைக் கெடுத்தது. அதனால்தான் பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வோம், நெகட்டிவ் வந்தால் என்ன செய்வோம் என்று முதலில் யோசிக்கிறேன். இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் உங்கள் பணத்தை மிச்சப்படுத்துவதே மேல். டைபாய்டு என்று சந்தேகம் வலுத்தால், ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்வேன்.

காய்ச்சல் ஐந்து நாள் தாண்டினால் உடம்பு முழுக்கப் பார்ப்பேன். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழ் என்று துணி மறைக்கிற இடங்களில் சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். தமிழ்நாட்டில் மழை, பனிக் காலத்தில் இது கணிசமாக வருகிறது. டாக்சிசைக்ளின் என்ற பழைய, மலிவான மருந்துக்கு நன்றாகக் கேட்கும், தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கூச்சப்படாமல் காட்டுங்கள்.

டெங்குன்னு சொல்லிட்டாங்க, பிளேட்லெட் 60 ஆயிரம். பப்பாளி இலைச் சாறு குடுக்குறோம், ரத்தம் ஏத்தணுமா?

பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் அணு. 60 ஆயிரத்துக்கு ஏற்ற வேண்டாம். ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு 20 ஆயிரத்துக்குக் கீழே போனபோதுகூட, முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் விழுவதுதான். அதனால் பிளேட்லெட் எண்ணைவிட, ரத்தம் கெட்டியாகிறதா என்று காட்டும் பி.சி.வி. எண்ணையும், சிறுநீர் போகும் அளவையும் நான் கூர்ந்து பார்க்கிறேன்.

காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். டெங்குவில் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான நாள். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் ஜில்லென்று போவது, குழப்பம் அல்லது மிகுந்த சோர்வு, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் ஆகிய வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது, பாரசிட்டமால் மட்டும்.

பப்பாளிச் சாறு பிளேட்லெட்டைக் கொஞ்சம் ஏற்றுவதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. உயிரிழப்பைக் குறைத்ததாக நம்பத்தக்க ஆதாரம் இல்லை. வாந்தி வரும் நோயாளியின் வாயில் அந்தக் கசப்பை ஊற்றி, உள்ளே போக வேண்டிய கஞ்சியும் ஓ.ஆர்.எஸ்.ஸும் போகாமல் செய்துவிடாதீர்கள். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்களிடமும் இதையேதான் சொல்கிறேன். குடியுங்கள், ஆனால் மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு வராமல் இருக்காதீர்கள்.

காய்ச்சல்ல பிள்ளைக்கு வலிப்பு வந்துடுச்சு. கையில சாவியைக் குடுத்தோம், நின்னுடுச்சு.

தானாக நின்றது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு வரும், பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் நின்றுவிடும். கையில் இரும்பையோ வாயில் கரண்டியையோ திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ், 108. முதல் தடவை என்றால் எப்படியும் காட்டியாக வேண்டும், மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்ய.

பாரசிட்டமாலை முன்கூட்டியே கொடுத்தால் வலிப்பு வராது என்று நாங்களும் ஒரு காலத்தில் சொன்னோம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. சொல்வதை மாற்றிக்கொண்டோம்.

ஆன்டிபயாடிக் கோர்ஸை முழுசா முடிக்கணும்னு சொல்வாங்க. நீங்க மூணு நாள் போதும்னு எழுதியிருக்கீங்க?

எழுதிக் கொடுத்த நாள்களை முடிக்க வேண்டும் என்பது சரி. எத்தனை நாள் எழுத வேண்டும் என்பதுதான் மாறியிருக்கிறது. லேசான நிமோனியா உள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று நாள் அமாக்சிசிலின் கொடுத்தாலும் ஐந்து நாள் கொடுத்தாலும் ஒரே பலன்தான் என்று பாகிஸ்தானிலும் (2002) இந்தியாவிலும் (2004) ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் பார்த்த ஆய்வுகள் காட்டின. தொண்டைக்குப் பத்து நாள் என்று மேலே சொன்னேன், காசநோய்க்கு மாதக்கணக்கு. நோய்க்கு நோய் வேறு. நடுவில் நிறுத்தலாமா என்று தோன்றினால் நீங்களே முடிவு செய்யாமல் கேளுங்கள்.

ஒரு டாக்டர் ஒண்ணு சொல்றார், நீங்க ஒண்ணு சொல்றீங்க. யாரை நம்புறது?

"இது எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். "என் அனுபவத்தில்" என்பது ஒரு பதில்தான், ஆனால் பத்து நாள் இருமலில் பார்த்தோமே, தானாகச் சரியாகும் நோயில் அனுபவம் எளிதாக ஏமாற்றும். அதனால்தான் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்து ஒப்பிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வழிகாட்டு நெறிகள் எழுதப்படுகின்றன. அதற்கு மேல் உங்கள் வயது, கர்ப்பம், சர்க்கரை நோய், வீடு எவ்வளவு தூரம், நாளை மறுபடி வர முடியுமா என்பதையும் சேர்த்துத்தான் முடிவு. இரவு பஸ் கிடைக்காத ஊரிலிருந்து வருகிறவரை "பார்க்கலாம்" என்று நான் அனுப்ப மாட்டேன்.

மருந்து கொடுக்காமல் அனுப்பும் டாக்டர், என்ன ஆனால் திரும்ப வர வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், என்னிடமும்தான்.

போன தடவை நீங்க எழுதின சீட்டு வீட்ல இருக்கு. அதையே காட்டி வாங்கிக்கலாமா?

வேண்டாம். மருந்து அட்டையின் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாதது என்று அர்த்தம். பழைய சீட்டு அப்போதைய நோய்க்கும் அப்போதைய எடைக்கும் எழுதியது. மீந்துபோன மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் வேண்டாம். பணம்தான் தடை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், அங்கே பார்ப்பதற்கும் மருந்துக்கும் காசு இல்லை. பழைய சீட்டைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு வாருங்கள். முன்பு எது ஒத்துக்கொண்டது, எது அலர்ஜி ஆனது என்று அதிலிருந்துதான் எனக்குத் தெரியும்.